யார் முதலில் கேட்டது

நேப்பியர்
3 ஆகஸ்ட் 2024

நோலீனுக்கு,

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று பதினான்கு வருடமாக எனக்குத் தெரியவில்லை. அம்மா என்று வராது. அதனால் வெறும் பெயரை எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஷெரில் போன் செய்தாள். என்னோடு படித்தவள், இப்போது உங்கள் ஊர்த் தபால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். "டெல், ஒங்கப்பா போய்ட்டாராடி? எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் அப்படிக் கேக்கற?" என்றேன். "அவரோட பச்சக் கட்டம் போட்ட கம்பளிச் சட்ட பழந்துணிக் கடை கண்ணாடியில தொங்குதே. முழங்கையில தோல் ஒட்டுப் போட்டது. ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு அது?"

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் சட்டை விற்பனைக்கு வந்துவிட்டது. விற்கிற கடை வலிதணிப்பு இல்லத்தின் கடை. அங்கே வாரம் மூன்று நாள் நிற்பவர் நீங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசியபோது, ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னார்: "செப்டம்பர் அஞ்சு, வியாழக்கிழமை, காலைல பதினோரு மணி. டாக்டரம்மா மலை தாண்டி வர்றாங்க. ஒண்ணாந் தேதி குஞ்சுமீன் சீசன் தொறக்குது, நாலு நாள்ல ஒரு தடவையாவது அடை சுட்டுத் தின்னுட்டுப் போயிடலாம்." முப்பத்தோரு வருடம் நிலக்கரி ரயில் ஓட்டியவர், தன் சாவுக்கும் அட்டவணை போட்டுவிட்டார். நான் அன்றைக்கு அழுததில் ஒன்றும் கேட்க முடியவில்லை. இப்போது கேட்கிறேன்.

இந்த உதவி மரணச் சட்டத்தை நான் படித்துப் பார்த்தேன். டாக்டரோ நர்ஸோ இந்தப் பேச்சை முதலில் எடுக்கவே கூடாது. நோயாளிதான் வாய் திறக்க வேண்டும். அப்பா யார்? பல்வலிக்கே மூன்று வாரம் வாய் திறக்காத மனிதர். அவர் தானாக இதைக் கேட்டார் என்று என்னை நம்பச் சொல்கிறீர்கள். வெளியே இருப்பவர்களின் வாயைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களின் வாயைக் கட்டவில்லை.

நான் ஆப்பிளைப் பெட்டியில் அடைக்கும் பொதிகூடத்தில் தரம் பார்ப்பவள். பளபளவென்று இருக்கிற பழத்தில்தான் முதலில் புழு தேடுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் சரி.

போனில் வேண்டாம். பேசினால் 2018 கிறிஸ்துமஸ் மாதிரிதான் முடியும். என் அம்மாவின் தையல் இயந்திரத்தையும் அந்தக் கடைக்குத்தான் தூக்கிக் கொடுத்தீர்கள், எனக்கு மறக்கவில்லை. எழுதுங்கள். எழுதினால் பிறகு மாற்றிப் பேச முடியாது.

டெல்வின்

மாட்டாய் கிரீக்
8 ஆகஸ்ட்

டெல்வின்,

உன் கடிதத்தைக் கவுண்டரில் நீட்டும்போதே ஷெரில் சிரித்தாள். மெர்வின் மகள் எழுதியிருக்கிறாள் என்று இந்நேரம் ஆற்றின் அக்கரைக்கும் தெரிந்திருக்கும். ஆறு வருடமாக வராத கடிதம்.

முதலில் சட்டை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே கட்டிலில் உட்கார்ந்து மடித்து என் கையில் வைத்தார். "இத எடுத்துட்டுப் போ. குளிர் இருக்கும்போதே வித்தாத்தான் போகும். நான் என்ன இனிமே விறகு வெட்டவா போறேன்?" நான் நாலு நாள் அதைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்திருந்தேன். அவர் தினமும் சாயங்காலம், "வித்துச்சா?" என்று கேட்டார். பொய் சொல்ல முடியாமல் கண்ணாடியில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை ஒரு மரம் வெட்டுகிற பையன் வாங்கிப்போனான். தோள் சரியாக இருந்தது. போதுமா?

அந்தக் கடை எதற்கு என்று நினைத்தாய், எனக்குப் பொழுது போகவா? வலிதணிப்பு இல்லத்துக்கு அரசாங்கம் பாதிக்குக் கொஞ்சம் மேலே தருகிறது. மிச்சத்தை நாங்கள் செத்தவர்களின் கோட்டுகளையும் விரிசல் விட்ட கேக் தட்டையும் விற்றுத் தேற்ற வேண்டும். இந்த வருடம் தேறவில்லை. ஜூன் மாதத்தோடு ராத்திரி நர்ஸை நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி வந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு ராத்திரிதான் நான் படுத்தேன்.

உன் அப்பாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டது. வலிக்கு மருந்துப் பம்பு இருக்கிறது, பகல் நர்ஸ் பத்து மணிக்கு வந்து மாற்றிவிட்டுப் போகிறாள். ஆனால் இரண்டு மணிக்கொரு தடவை ஆளைத் திருப்பிப் போட பம்பு வராது. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஜூலையில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். கை வெந்துபோனது. கட்டுப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் கையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் நர்ஸ் பம்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "எனக்கு அந்த மருந்து வேணும். ஒரேயடியா அனுப்பி வைக்கிற மருந்து. யாரக் கேக்கணும்?" நர்ஸ் கை அப்படியே நின்றுவிட்டது. நான் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே போட்டேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவளுக்கு அப்பா சாகிற தேதி தெரிந்ததும் பூதக்கண்ணாடி எங்கிருந்து வந்தது? பாசமா, வீடா? நானும் கேட்கலாம் அல்லவா. சந்தேகப்படுவது உனக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை.

நோலீன்

நேப்பியர்
13 ஆகஸ்ட்

நோலீனுக்கு,

வீடு எனக்கு வேண்டாம். அந்தக் கூரை ஒழுகுவது ஊருக்கே தெரியும்.

நீங்கள் எழுதியதைச் சரிபார்த்தேன். வலிதணிப்பு இல்லத்துக்குப் போன் செய்தேன். ராத்திரி நர்ஸை நிறுத்தியது உண்மைதான் என்றார்கள், வருத்தப்பட்டார்கள். பிறகு உதவி மரணத்துக்கான அரசாங்க எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். டாக்டர் வந்துபோகிற செலவு, இரண்டாவதாகப் பார்க்கிற டாக்டர், மருந்து, எல்லாம் அரசாங்கம் கொடுக்கும், குடும்பம் ஒரு காசு தரவேண்டாம் என்றாள்.

நான் கேட்டேன், "ஒரு ராத்திரிக்கு ஒரு நர்ஸ் அனுப்ப உங்களால முடியல. கடைசி ஊசிக்கு மூணரை மணி நேரம் மலை தாண்டி டாக்டர் வர முடியுதா?"

"நர்ஸ் விஷயம் வேற பிரிவுங்க," என்றாள்.

ஆக அந்த மட்டில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம். நேற்று அப்பாவிடம், "வலி தாங்க முடியலையாப்பா?" என்று கேட்டேன். "வலி கெடக்கட்டும், அத பம்பு பாத்துக்குது. நோலீன் கைய சுட்டுக்கிட்டா," என்றார். அவ்வளவுதான். பிறகு எங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் தூங்க வேண்டும் என்று அவர் போகிறார். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு தடவையாவது, "எனக்காகப் போகாதே" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அதுவும் ஒரு தள்ளுதான். கையால் தள்ளினால்தான் தள்ளுவதா?

டாக்டருக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். யாரோ அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் டாக்டர் அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும் என்பது சட்டம். உறையில் ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று. குளிர்பெட்டி மேலே இருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி வரைக்கும் உங்கள் பதிலுக்காகப் பொறுப்பேன்.

டெல்வின்

மாட்டாய் கிரீக்
21 ஆகஸ்ட்

டெல்வின்,

சந்தோஷமா?

வெள்ளிவரை பொறுப்பேன் என்று எழுதிவிட்டுத் திங்கட்கிழமைக்குள் காரியத்தை முடித்துவிட்டாய். நல்ல வாக்கு.

டாக்டரம்மா திங்கட்கிழமை வந்தாள். கடைசிச் சரிபார்ப்பு. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி நாற்பது நிமிடம் பேசினாள். வெளியே வந்தவள் நான் போட்டு வைத்த டீயைத் தொடவில்லை. "மன்னிச்சுக்குங்க, இத என்னால மேல கொண்டுபோக முடியாது. அழுத்தம் இருக்குன்னு சந்தேகம் வந்தா நிறுத்தணும்," என்றாள். "யாரு அழுத்தம்?" என்றேன். "அத நான் சொல்ல முடியாது." சொல்லும்போது என் கைக்கட்டைப் பார்த்தாள். என்னமோ நான் அவர் கழுத்தில் மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. முப்பது வருடமாக இந்த ஊரில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

உள்ளே போனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு நாளாக அப்படித்தான். சூப் வைத்தேன், ஆறிப்போனது.

நீ கேட்டதற்குப் பதில். சொன்னேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "எனக்காகப் போகாத மெர்வ். நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்," என்றேன். "ஒனக்காக ஒண்ணும் இல்லடி. என் ஒடம்பு, என் டிக்கெட்டு," என்றார். சில நேரம் அதை நம்பினேன். சில நேரம் நம்பவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், அதையும் உன் டாக்டருக்கு அனுப்பு. விடிவதற்கு முன்னால் ஒரு ஆம்பிளையின் இடுப்பைத் தனியாகத் தூக்கிப் புரட்டும்போது மனசில் ஒரு எண்ணம் வரும். ஐந்தாம் தேதிக்கு இன்னும் எத்தனை ராத்திரி என்று. எண்ணினேன். தினமும் எண்ணினேன். எண்ணிவிட்டு அவர் தலையைக் கோதிவிட்டேன். இரண்டையும் செய்தது நான்தான்.

நோலீன்

நேப்பியர்
25 ஆகஸ்ட்

நோலீனுக்கு,

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். டாக்டருக்கு நான் எழுதியது. ஸ்டாம்பில் முத்திரை விழவில்லை, ஷெரிலிடம் காட்டிக் கேளுங்கள், அவளுக்கு அது தொழில். நான் அனுப்பவில்லை.

நிறுத்தியது யார் என்று இன்று காலை தெரிந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, "டாக்டர்கிட்ட என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. நீங்கள் கடையில் இருந்த நேரம்.

"யாராவது வற்புறுத்தறாங்களான்னு கேட்டாங்க. மூணாவது தடவ. ஒரே கேள்விய மூணு தடவ கேட்டா எனக்கு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"ஆமான்னேன். ஒருத்தன் இருக்கான், எழுதிக்குங்க, வெலிங்டன்ல குடியிருக்கான், பேரு அரசாங்கம்னேன். ராத்திரிக்கு ஒரு நர்ஸ் குடுய்யான்னா கைய விரிக்கறான். சாகறேன்னா வாசல் வரைக்கும் ஆள் அனுப்பறான். இதுக்குப் பேரு வற்புறுத்தல் இல்லாம வேற என்னன்னேன்."

"அவங்க சிரிச்சாங்களா?"

"இல்ல. எழுதிக்கிட்டாங்க."

முகத்தில் ஒரு தசை அசையாமல் கேலி பேசுவது நம் மேற்குக் கரையில் பிறந்தவர்களுக்குக் கைவந்த கலை. நம்மில் யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். அந்த டாக்டர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். "நெசமாவே அழுத்தமா இருக்கா?" என்று திரும்பக் கேட்டாராம். அப்பா வீம்புக்கு, "ரொம்ப," என்றாராம். இனி எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தன் ரயிலைத் தானே நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

கேலியா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "மீன் சீசன் எப்படி இருக்கும்னு சொல்றாங்க?" என்றார்.

நீங்கள் எண்ணினேன் என்று எழுதியதை நாலு தடவை படித்தேன். அதை என்னிடம் எழுத உங்களுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அதற்காக உங்களை முழுவதும் நம்பிவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை வருகிறேன். ராத்திரி என்னுடையது, நீங்கள் தூங்குங்கள். ஸ்டேஷனுக்கு வராதீர்கள். அடுப்படியில் நின்று நாம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தால் அப்பா காதில் விழும். சொல்ல வேண்டியதை எழுதி ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடலாம்.

டெல்வின்

ரொட்டிப் பெட்டிக்கு அடியில்
6 செப்டம்பர், வெள்ளி

டெல்வின்,

நேற்று ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கினேன். இந்த ஒரு வாரமாகவே அப்படித்தான். விழித்ததும் வீடு அமைதியாக இருந்ததைப் பார்த்து அவர் போய்விட்டார் என்று பயந்து ஓடி வந்தேன். நீ நாற்காலியில் அவர் பாதத்தைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் விழித்திருந்தார். உன்னை எழுப்பாதே என்று எனக்கு ஜாடை காட்டினார்.

நேற்று ஐந்தாம் தேதி. பதினோரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மத்தியானம் மீன் அடை இரண்டு தின்றார். இரண்டு! எலுமிச்சை கொஞ்சம் தூக்கல் என்று குறை வேறு சொன்னார். குறை சொன்னால் உடம்பு தேவலை என்று அர்த்தம்.

அந்த டாக்டரைத் திரும்பக் கூப்பிடுவது பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னாரா? நீ ராத்திரி கதவைச் சாத்திக்கொள்கிறாய். உள்ளே குசுகுசுவென்று பேச்சு கேட்கிறது. நான் அவர் மனைவி. எனக்குத் தெரிய வேண்டும்.

ஆட்டுக்கறி பாத்திரத்தில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. நீ சாப்பிடாமல் கிடந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

நோலீன்

ரொட்டிப் பெட்டிக்கு அடியில்
11 செப்டம்பர்

நோலீனுக்கு,

கதவைச் சாத்துவது குளிர்காற்றுக்காக. பேசுவது பழைய கதை. மலைக்கடியில் இருக்கிற நீளக் குகைப்பாதையில் எஞ்சின் நின்றுபோய் இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்த கதையை மூன்று தடவை கேட்டுவிட்டேன். அம்மாவைப் பற்றியும் பேசுவார். உங்கள் பெயரும் வரும், கெட்டதாக இல்லை.

அந்த விஷயம் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நர்ஸ் வருகிற பத்து மணிக்கு நீங்கள் ஏன் அறையை விட்டு நகர மறுக்கிறீர்கள்? நேற்று நர்ஸே, "நான் பாத்துக்கறேன், நீங்க போய் டீ குடிங்க" என்றாள். நீங்கள் போலீஸ்காரர் மாதிரி கட்டில் தலைமாட்டில் நின்றீர்கள். அவருக்கு நர்ஸிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கலாம். என்ன பயம் உங்களுக்கு?

நாமாக அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால் அதுவும் அழுத்தம் என்று ஆகிவிடும். வேண்டுமென்றால் அவரே சொல்வார்.

டெல்வின்

ரொட்டிப் பெட்டிக்கு அடியில்
12 செப்டம்பர்

டெல்வின்,

பம்பு மாற்ற ஊசியைக் குத்தும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அவ்வளவுதான். மடியில் கனமில்லை, எனக்கென்ன பயம்?

என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்வது சரி, கேட்க வேண்டாம்.

பால் தீர்ந்துவிட்டது.

நோலீன்

நேப்பியர்
12 அக்டோபர்

நோலீனுக்கு,

அப்பாவை அடக்கம் செய்து இரண்டு வாரம் ஆகிறது. பஸ் ஏறும்போது நீங்கள் என் கையில் கொடுத்த பொட்டலத்தைக் கிறைஸ்ட்சர்ச்சில்தான் பிரித்தேன். சாண்ட்விச் இருந்தது. விமான நிலையத்தில் அதைத் தின்ன முடியாமல் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. பெல்ட்டில் பழம் ஓடுகிறது, நான் எதையும் பார்க்காமல் நிற்கிறேன்.

அப்பா என்னிடம் கேட்டார். செப்டம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியும் நேரம். நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. "டெல், அந்த டாக்டரம்மாவுக்குத் திரும்பப் போன் போடு. மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்னாலும் சரி. இந்தத் தடவ வாய மூடிக்கிட்டு இருக்கேன்," என்றார். கேலியில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவரால் அப்போது போனைப் பிடிக்க முடியாது, விரல்கள் மடங்கவில்லை, உங்களுக்குத் தெரியும்.

"நோலீன்கிட்ட சொல்லட்டுமாப்பா?" என்றேன்.

"வேணாம். நோலீன்கிட்ட போகாத."

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தாயா, அவளுக்குப் பயப்படுகிறார், நான் நினைத்தது சரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டால் என்னிடம் கேட்டதை மறந்துவிடலாம் போலிருந்தது. "நாளைக்குப் பாக்கலாம்பா," என்றேன். தலையை ஆட்டினார். புதன்கிழமை கேட்டார், லைன் கிடைக்கவில்லை என்றேன். சனிக்கிழமை கேட்டார், இன்று ஆபீஸ் லீவு என்றேன். இடையில் உங்களுக்கு அந்தச் சீட்டை எழுதி, "என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்று வைத்தேன்.

அழுத்தம் பற்றி இரண்டு பக்கம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி வைத்திருந்தவள் நான். எனக்கு அவர் வேண்டியிருந்தார், நோலீன். ஆறு வருடத்தை வீம்பில் தொலைத்துவிட்டு இரண்டு வாரம் கிடைத்திருந்தது. இன்னும் ஒரு கதை, இன்னும் ஒரு காலை என்று இழுத்தேன். அவர் வலியில் இழுத்தேன்.

அந்தக் கடைசிச் சனி ஞாயிறு. பம்பு போதவில்லை, நர்ஸ் வர இரண்டரை மணி நேரம் ஆனது, அவர் மூச்சுக்குத் தவித்தபோது நீங்கள் கட்டிலுக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் போகும்வரை அந்தச் சத்தம். இப்போதும் பொதிகூடத்தில் காற்றுக்குழாய் உறுமினால் எனக்கு அதுதான் கேட்கிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். டாக்டருக்கு எழுத வேண்டுமென்றாலும் எழுதுங்கள். மன்னிக்கச் சொல்லவில்லை. உங்களை ஏழெட்டு வாரம் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்தேன், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

டெல்வின்

மாட்டாய் கிரீக்
19 அக்டோபர்

டெல்வின்,

உன் கடிதம் கடைக்கு வந்தது. ஷெரில் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். அவளை அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி, கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வெளியே இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உன்னிடம் செவ்வாய்க்கிழமை கேட்டார். என்னிடம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டார்.

நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு. "நோலீன், போன எடு. அந்தம்மாவக் கூப்பிடு," என்றார். நான் ஒரு வாரம் நன்றாகத் தூங்கியிருந்தேன். கை ஆறியிருந்தது. அவர் மீன் தின்றிருந்தார். இந்த நோய் வந்ததிலிருந்து அந்த ஒரு வாரம்தான் அவரைத் தூக்குகிற சுமையாகப் பார்க்காமல் என் புருஷனாகப் பார்த்தேன். எப்படி எடுப்பேன்? "நாளைக்குப் பாக்கலாம் மெர்வ், மழை கொட்டுது," என்றேன். மழைக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? வாயில் வந்தது அதுதான்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒன்னால முடியாதுடி. போகட்டும். டெல்கிட்ட கேட்டுக்கறேன், அவளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி."

அதனால்தான் என்னிடம் வர வேண்டாம் என்று உன்னிடம் சொன்னார். என்னைப் பார்த்துப் பயந்து இல்லை. எனக்கு முடியவில்லை என்று தெரிந்து, என்னைத் திரும்ப அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று.

நீ போன் செய்வாய் என்று தினமும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ செய்யவில்லை. சரி, மகளிடம் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். உன் சீட்டைப் படித்ததும் இன்னும் சந்தோஷம். என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் எழுதிவிட்டுப் பால் தீர்ந்துவிட்டது என்று கீழே சேர்த்தேன், இயல்பாக இருக்கட்டும் என்று.

நர்ஸ் வரும்போது ஏன் நின்றேன் என்று கேட்டாய். கையைப் பிடிக்க இல்லை. நாம் செய்யவில்லை என்றால் அவர் அடுத்து நர்ஸிடம்தான் கேட்பார். நான் நின்றால் கேட்க மாட்டார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் கேட்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன். பதினாறு நாள் நின்றேன்.

கடைசிச் சனிக்கிழமை உன்னைப் பார்த்தேன் என்கிறாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்துதான் பார்த்தேன்.

இல்லத்திலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. கடையில் வியாபாரம் தேறியிருக்கிறதாம், அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு ராத்திரிக்கு நர்ஸ் வருவாளாம். என்னை நன்றி சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். அதை மேஜை மேலேயே விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அவர் சாக நாள் எண்ணியவளும் நான், செப்டம்பரில் சாக விடாமல் தடுத்தவளும் நான். இதில் எது அன்பு என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவரைச் சாகத் தள்ளுகிறாள் என்று நீ என்னைச் சந்தேகப்பட்டாய். நீ வீட்டுக்காக வந்தாய் என்று நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டியதை ஒருத்தியும் சந்தேகப்படவில்லை.

டாக்டருக்கு எழுதச் சொல்கிறாய். எழுதினால் இரண்டு பெயர் எழுத வேண்டும். யாரை மன்னிப்பது, யார் மன்னிப்பது? கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் வாயால் பேசலாம். இனி நாம் கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

அவர் நம்மிடம் கேட்டது ஒரே ஒரு போன், டெல். வீட்டில் போன் இருந்தது. நாம் இரண்டு பேர் இருந்தோம்.

நோலீன்